பழைய டிவி கேமில் குகை விளையாட்டுகள்: சில நிறைகள், பல குறைகள்

போன கட்டுரையில் மிளகு விலையைப் பற்றிப் புலம்பியிருந்தேன். அதற்கு முந்தையது விடுதிச் சாப்பாடு. இந்த முறை விளையாட்டு. கிரிக்கெட் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது டிவியில் ஆடும் விளையாட்டு. அதுவும் என் வயசுக்காரர்கள் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால் வந்தவை.

டன்ஜன் கிராலர் என்று ஒரு வகை உண்டு. ஒரு வீரனோ ஒரு சின்னக் குழுவோ நிலவறைக்குள்ளோ கோபுரத்துக்குள்ளோ நுழைவார்கள். வழி தெரியாத சந்துகள், திடீரென்று எதிரே வரும் பேய் பிசாசுகள், எங்கோ ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வாளோ மருந்தோ. ஒரு தளத்தை முடித்தால் அடுத்த தளம். அவ்வளவுதான் கதை. இதற்கு நானாகவே 'குகை விளையாட்டு' என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். சித்தர் குகைகள் இருக்கிற மலையில் பிறந்தவனுக்கு அந்த உரிமை கூட இல்லையா என்ன :-)

இந்தப் பழைய குகை விளையாட்டுகளை ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கூட்டம் 'இதெல்லாம் மனுஷன் ஆடுவானா' என்கிறது. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

கொசுவத்தி

எங்கள் ஊர் கொல்லிமலையில் திருப்புலி நாடு. (நாடு என்றதும் பாஸ்போர்ட் கேட்காதீர்கள். எங்கள் மலையில் ஊராட்சிகளின் பெயரே அப்படித்தான். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று போகும்.) 2012இல் எனக்கு எட்டு வயது. சேந்தமங்கலத்துக்கு வாழைத்தார் கொண்டு போன பெரியப்பா, திரும்பி வரும்போது ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். வீட்டில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இருந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பதிமூன்று வயது. அவன்தான் ஒயரைச் செருகி, சேனலைத் தேடிப் படத்தை வரவைத்தான். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு இன்ஜினியர் அவன், உதவியாள் நான்.

நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்று ஒரு கருவியை வெளியிட்டது. எங்களிடம் இருந்தது அதன் மலிவு நகல். இதெல்லாம் கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு முப்பது தேறும். மீதி எல்லாம் அதே மரியோவும் அதே கான்ட்ராவும் வேறு வேறு பெயரில்.

அந்த முப்பதில் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கோபுரம்'. நிஜப் பெயர் தி டவர் ஆஃப் டுருவாகா. நாம்கோ நிறுவனம் 1984இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு கடைகளுக்காகச் செய்தது, 1985இல் ஃபேமிகாமுக்கு வந்தது. வடிவமைத்தவர் மசனோபு எண்டோ. கில் என்ற தங்கக் கவச வீரன் 60 மாடிக் கோபுரத்தில் ஏறி, கீ என்ற பெண்ணை மீட்க வேண்டும். மாடிக்கு ஒரு சாவி, ஒரு கதவு. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால் அடுத்த மாடி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு 60 மாடி எல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் ஆரம்பித்தோம்.

நிறைகள்

முதல் நிறை, கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிறைய செய்வது. ஃபேமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். கோபுரத்தில் சண்டைக்கு இருப்பது ஒரே பட்டன். அதை அழுத்திப் பிடித்தால் வாள் வெளியே வரும், விட்டால் உறைக்குள் போகும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மந்திரவாதி ஒருவன் திடீரென்று தோன்றி மந்திரத்தை ஏவிவிட்டு மறைவான். வாள் உறையில் இருந்தால் கேடயம் முன்னால் இருக்கும், மந்திரம் அதில் பட்டுப் போய்விடும். வாளை உருவியிருந்தால் கேடயம் பக்கவாட்டுக்குப் போய்விடும், நீங்கள் காலி. அதாவது, அடிக்கத் தயாராக இருக்கிறவன் அடி வாங்கவும் தயாராக இருக்க வேண்டும். இருபது பட்டன் வைத்த இன்றைய விளையாட்டுகளில் கூட இவ்வளவு யோசிக்க வைக்கும் சண்டை எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

இரண்டாவது நிறை, படம் வரைய வைப்பது. இந்த வகையின் தாத்தாக்களில் ஒன்று விசார்ட்ரி. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இரண்டு பேர் எழுதி 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது, 1987இல் ஃபேமிகாமுக்கும் வந்தது. ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் மாதிரியான விளையாட்டுகள் பிறக்கக் காரணமானவற்றில் இதுவும் ஒன்று. பத்துத் தளங்கள், தளத்துக்கு 20க்கு 20 என்று 400 கட்டங்கள். வரைபடம் கிடையாது. கட்டம் போட்ட தாளை எடுத்து நீங்களே வரைந்துகொண்டு போக வேண்டும். அதிலும் குறும்பு. சில கட்டங்களில் கால் வைத்தால் உங்களுக்குத் தெரியாமலே திசையைத் திருப்பிவிடும். சில கட்டங்களில் கண்ணே தெரியாது. நீங்கள் வடக்கு என்று நினைத்து வரைந்துகொண்டிருப்பது உண்மையில் கிழக்காக இருக்கும்.

கேட்க எரிச்சலாக இருக்கிறதா? ஆனால் வரைந்த இடம் மறக்காது. கல்லூரியில் மூன்று வருஷமாக ஜிபிஎஸ் பார்த்துச் சுற்றியும் சேலத்தில் எனக்கு உருப்படியாக ஒரு குறுக்கு வழி தெரியாது. 2012இல் அண்ணன் கணக்கு நோட்டில் வரைந்த கோபுரத்தின் மாடிகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதன் அருமை தெரிந்துதான் அட்லஸ் நிறுவனம் 2007இல் எட்ரியன் ஒடிஸி என்று ஒன்றை வெளியிட்டது. நிண்டெண்டோ டிஎஸ் கருவியின் கீழ்த்திரையில், அதற்கான குச்சியால் வரைபடத்தை நாமே வரைய வேண்டும். பழைய காலத்துத் தொல்லையையே புது விளையாட்டின் சுவையாக மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது நிறை, பயம். விசார்ட்ரியில் உங்கள் ஆள் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப் போய் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தோற்றால் சாம்பலாகிவிடுவான். சாம்பலிலிருந்து எழுப்ப முயன்று அதுவும் தோற்றால் ஒரேயடியாகப் போய்விடுவான். அதனால் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் 'இன்னும் ஒரு கதவு போகலாமா, இப்போதே திரும்பலாமா' என்று நிற்போம். அந்த நிற்பதுதான் விளையாட்டே. (2024இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் இதைப் புதுப் படங்களோடு வெளியிட்டது. அடியில் ஓடுவது அந்தப் பழைய விளையாட்டேதான். அறைத்தோழனின் கணினியில் அதை ஆடி, நான் பெயர் வைத்த ஆறு பேரில் நான்கு பேரைச் சாம்பலாக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.)

குறைகள்

நிறை முடிந்தது. இனி குறை.

முதல் குறை, அறுவை. 1987இல் சேகா வெளியிட்ட ஃபேன்டசி ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குகைகளில் நடந்தால் சுவர்கள் வழுக்கிக்கொண்டு நம்மைக் கடந்து போகும். அந்தக் காலத்து வீட்டுக் கருவியில் அப்படி ஓட்டிக் காட்டியது பெரிய வித்தை. நிரல் எழுதியவர் யுஜி நாகா. ஆனால் எந்தச் சுவரும் அதே சுவர். நாலு அடிக்கு ஒரு சண்டை. காசும் பலமும் சேர அதே பிராணிகளை நூறு தடவை அடிக்க வேண்டும். இதில் யோசனைக்கு இடமே இல்லை, பொறுமைக்கு மட்டும்தான் வேலை. 2018இல் இதே விளையாட்டை ஸ்விட்ச் கருவிக்குக் கொண்டு வந்தபோது, தானாக வரையும் வரைபடத்தைச் சேர்த்து, விரும்புகிறவர்களுக்குச் சண்டைகளையும் குறைத்துக் கொடுத்தார்கள். சண்டையைக் குறைத்தது நியாயம். வரைபடத்தைக் கொடுத்ததில் எனக்கு அரை மனசுதான்.

இரண்டாவது குறை, சேமிப்பு. ஆடிய இடத்தை நினைவில் வைக்க அந்தக் கால கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி வேண்டும். அது இல்லாத விளையாட்டுகள் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, அடுத்த முறை இதை அடி என்றன. 1987இல் வந்த டிராகன் குவெஸ்ட் 2இல் இது 52 எழுத்து வரை போகும். ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. எங்கள் கேசட்டில் இந்த மாதிரி பெரிய குகை விளையாட்டுகள் ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நகல் கேசட்டில் யார் பேட்டரி வைப்பார்கள்?

கோபுரத்தில் அதுவும் இல்லை. பெட்டியை அணைத்தால் மறுபடி முதல் மாடி. 2012இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். பன்னிரண்டாம் மாடியில் கையில் சாவியோடு கதவைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்போம். டப். டிவி கருப்பு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேச மாட்டோம். பிறகு அண்ணன் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, அதுவரை பார்த்ததை நோட்டில் ஏற்றுவான். இப்போது யோசித்தால் எங்கள் வீட்டில் பேட்டரி போட்ட சேமிப்பு அவன்தான்.

மூன்றாவது குறைதான் பெரிய குறை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

சொல்லாமல் விடுவது

கோபுரத்தில் சாவி, கதவு தவிர இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய எல்லா மாடியிலும் ஒரு ரகசியப் பெட்டி. ஏதாவது ஒன்றைச் செய்தால் அது தோன்றும். எதைச் செய்ய வேண்டும் என்று விளையாட்டு சொல்லாது. பெட்டி என்று ஒன்று இருப்பதைக் கூடச் சொல்லாது.

முதல் மாடிப் பெட்டியை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். பச்சை நிறத்தில் கொழகொழவென்று இருக்கிற பிராணிகளில் மூன்றை அடித்ததும் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சுவரை உடைக்கிற மண்வெட்டி மாதிரி ஒன்று. அண்ணன் நோட்டில் எழுதினான்: '1 - பச்சை 3'. இரண்டாம் மாடியில் கருப்பு இரண்டு. பெட்டிக்குள் காலணி. அதுவரை நத்தை மாதிரி நகர்ந்த கில், அதைப் போட்டதும் ஓட ஆரம்பித்தான். நாங்கள் கத்திய கத்தலில் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நான்காம் மாடியில் சாவியை எடுக்காமல் முதலில் கதவு மேல் நடக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஐந்தாம் மாடிக்கு நேராக ஒரு கேள்விக்குறி. அங்கே எதைச் செய்தும் ஒன்றும் வரவில்லை. போனால் போகட்டும் என்று மேலே ஏறினோம். அதிகபட்சமாகப் பதினேழாம் மாடி வரை போனோம். அதற்குள் பெட்டியே பழுதாகிவிட்டது.

நாம்கோ 2020இல் தன் பழைய ஃபேமிகாம் விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் கோபுரமும் இருக்கிறது. போன வருஷம் விடுதியில் அதை மறுபடி ஆடும்போதுதான் விடைகள் எல்லாவற்றையும் நெட்டில் படித்தேன். ஐந்தாம் மாடியில் இருப்பது வெள்ளை வாள். அதை எடுக்காவிட்டால் மேல் மாடிகளில் இருக்கும் அடுத்த வாள்கள் கைக்கு வராது. அவை இல்லாமல் கோபுரத்தை முடிக்க முடியாது. ஆனால் அது இல்லாமலும் மாடி மேல் மாடி ஏறிக்கொண்டே இருக்கலாம். சாவி கிடைக்கும், கதவு திறக்கும், எண் கூடும். 'தம்பி, நீ ஐந்திலேயே தோற்றுவிட்டாய்' என்று அந்த விளையாட்டு ஒரு வார்த்தை சொல்லாது.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்போ நாம பன்னெண்டுல கரண்ட் போச்சுன்னு அழுததெல்லாம்?"

"சும்மாண்ணா. அஞ்சுலயே முடிஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்துவிட்டு, "எனக்கு இது புதுசா என்ன" என்றான்.

அவன் எதைச் சொன்னான் என்று எனக்குப் புரிந்தது. 2017இல் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தான். கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். நாங்கள் பழங்குடியினர். எங்கள் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு விசாரணை எல்லாம் உண்டு, நாள் பிடிக்கும். இதை அவனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காததால் சொல்ல ஆளில்லை. பன்னிரண்டு வருஷம் அவனும் வகுப்பு வகுப்பாக ஏறிக்கொண்டுதான் இருந்தான். கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னது ஒரே வரி: "இதை முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும்ப்பா." சான்றிதழ் வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷம் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இப்போது அண்ணன் குட்டியானை ஓட்டுகிறான். சோளக்காட்டில் வாழைத்தாரும் அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு கீழே போவான். எழுபது வளைவையும் எண்ணோடு சொல்லுவான், எந்த வளைவில் மழைநாளில் மண் சரியும் என்பது வரைக்கும்.

நான் பத்தாவது முடித்த அன்றைக்கே அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு அலைய ஆரம்பித்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். எது எங்கே, யாரிடம், எத்தனை நகல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். இன்றைக்கு நான் கணினி அறிவியல் மூன்றாம் வருஷம் என்றால் என் மூளை ஒன்றும் அவன் மூளையை விடப் பெரிது இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தன் போய் முட்டிக்கொண்டு வந்து எழுதி வைத்தான், அவ்வளவுதான்.

ஜப்பானிலும் இதுதான் நடந்திருக்கிறது. 1984இல் அத்தனை ரகசியத்தையும் ஒரு ஆள் தனியாகக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கே ஆர்கேடு கடைகளில் ஒரு நோட்டு கிடக்குமாம். இந்த மாடியில் இப்படிச் செய்தேன், பெட்டி வந்தது என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார். முகம் தெரியாத இன்னொருவர் வந்து அதைப் படித்துவிட்டு அடுத்த மாடியை எழுதுவார். ஊரே சேர்ந்து ஏறிய கோபுரம் அது. அதனால்தான் அவர்களுக்கு அது காவியம். நோட்டு இல்லாமல், முகப்பு மட்டும் பல்லிளிக்கும் கேசட்டாக அது எங்கள் மலைக்கு வந்தபோது வெறும் சுவர்.

ஆகவே என் தீர்ப்பு. கஷ்டமாக இருப்பது குறை இல்லை. வரைபடம் தராததும் குறை இல்லை, அதை நாமே வரையலாம். அதே பிராணியை நூறு தடவை அடிக்க வைப்பது குறை, ஆனால் சின்னக் குறை. தோற்றுப்போனதைச் சொல்லாமல் நடக்க விடுவதுதான் பெரிய குறை. விளையாட்டு என்றால் அதைக் கூட ரசிக்கலாம், ஏனென்றால் மறுபடி முதல் மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். ரகசியம் வைக்க விளையாட்டு நல்ல இடம். வேறெங்கும் ரகசியம் வைக்கக் கூடாது. தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பொங்கல் விடுமுறைக்கு அறைத்தோழனின் கணினியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணன் பரணிலிருந்து பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தான். ஓரம் எல்லாம் கரையான் தின்றிருந்தது, மாடிகள் அப்படியே இருந்தன. ஐந்தாம் மாடிக்கு வந்து, நான் வழி சொல்ல, வெள்ளை வாளை எடுத்தான். ஐந்துக்கு நேராக இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டு விடையை எழுதினான்.

ஆறாம் மாடிக்கு நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு. இது கேம்தானே, நானே பாத்துக்கறேன்" என்றான்.

பி.கு: சித்தப்பா மகள் இந்த வருஷம் பிளஸ் ஒன். சான்றிதழ் நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. அதில் மட்டும் ஒரு கேள்விக்குறியும் இல்லை.